கிள்ளுக்கீரை

டண்டீ. விடுதி அறை எண் நான்கு.
காலி பெயிண்ட் வாளியில் இருபது லிட்டர் தண்ணீர்,
வாய்வரை.
வாளியின் வளையத்தில் பெட்டி கட்டும் பட்டை,
பட்டையின் மறுமுனையில் ஒரு மரக்கட்டை.
கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நான்கும் மறுபக்கம்.
உள்ளங்கை படக்கூடாது.
தூக்குகிறேன்.

ஆறு விநாடி.
ஏழாவதில் கட்டை தானாகவே
என்னை விட்டு இறங்கிக்கொள்கிறது.

தரையோடு விற்பவள் நான்.
திங்கள் டர்பனில் கிளம்பினால்
லேடிஸ்மித், டண்டீ, நியூகாசில்,
வெள்ளி இரவு வீடு.
காரின் பின்னால் முழுக்க மாதிரி ஓடுகள்:
சாம்பல், தந்தவெள்ளை, போலிப் பளிங்கு.
இதில் இரும்புத் தட்டுகளும் ஏற்றினால்
ஸ்பிரிங் சாகும் என்றான் மெக்கானிக் டெவன்.
செப்டம்பரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் போட்டி.
ஸ்பிரிங்குக்கு அது தெரியாது.

முதலில் ஓடுகளையே முயன்றேன்.
இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து
வழவழப்பு வெளியே தெரிய
கறுப்பு டேப்பால் சுற்றி.
நியூகாசிலில், மின்வெட்டு நேரத்தில்,
போலிப் பளிங்கு நான்காகச் சிதறியது.
கீழ் அறைக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை மூன்று முறை குத்தினார்.
காலை மேசையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை;
அதற்காக எல்லோரும் மிகவும் பாடுபட்டார்கள்.
அலுவலகத்துக்கு எழுதினேன்:
பயணத்தில் மாதிரி சேதம்.
பொய் சொல்லவில்லை.

அந்தச் சில்லுகளைப் பொறுக்கும்போதுதான் உறைத்தது.
எடையை நான் ஏன் ஊர் ஊராகச் சுமக்கிறேன்?
எந்த ஊர்க் குழாயைத் திறந்தாலும் எடை கொட்டுகிறது.
பிடி ஒன்று போதும்.
கைப்பையில், சீப்புக்குப் பக்கத்தில்.

பேகியின் ஹார்டுவேர் கடையில்
சரக்குப் பலகையொன்று உடைந்து கிடந்தது.
இரண்டு துண்டு அறுத்தான்,
ஒட்டினான், இழைத்தான்,
அடியில் ஒரு கொக்கி திருகினான்.
எதற்கென்று கேட்கவில்லை.
கடைசியில் கேட்டான்: மீனுக்கா?

ஆணி வாளியை மாட்டிக் காட்டினேன்.
அரைச் சாண் உயர்ந்தது; ஆணிகள் முணுமுணுத்தன.
சிமென்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
போன் பேசுகிறவன் அவன்.
சிரித்துக்கொண்டே குனிந்தான்.
மூன்று விநாடி.
வாளி காலருகே விழுந்தது.
பிறகு தன் கட்டைவிரலை,
கடனைத் திருப்பாத மச்சானைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அன்று அவன் ஓடு வாங்கவில்லை.
அடுத்த வாரம் போனபோது
ஆணி வாளி கல்லாவுக்குப் பின்னால் போயிருந்தது.
பக்கத்தில் அதேபோல ஒரு கட்டை,
இழைத்தது போதாமல் இன்னும் சொரசொரப்பாக.
நான் எதுவும் கேட்கவில்லை.
நாற்பது சதுர மீட்டர், சாம்பல், என்றான்.

என் மொழியில் அற்பத்துக்குப் பெயர் கிள்ளுக்கீரை.
நகம் பட்டாலே வந்துவிடும், அத்தனை இளசு.
உப்பும் ஒரு சிட்டிகைதான்.
கிள்ளுவது இத்தனை லேசான வேலை என்று
சொற்களைச் செய்தவர்கள் நினைத்துவிட்டார்கள்.
இருபது கிலோவைக் கிள்ளிப் பார்க்க
அவர்களுக்கு நேரமிருந்திருக்காது.

எனக்கு வேண்டியது இருபத்து மூன்று.
தண்ணீர் அதற்குமேல் கொள்ளாது.
உடைந்த ஓடுகளை வாளிக்குள் இறக்குகிறேன்.
கொஞ்சம் தண்ணீர் வழிந்து என் கால்களை நனைக்கிறது.
போனதைவிட வந்தது கனம்.
அடியில் கிடக்கிறது போலிப் பளிங்கு,
தண்ணீருக்குள் நிஜம்போல.

மறுபடி. நான்கு விநாடி.
மறுபடி. இரண்டு.
போதும்.

வாளியை ஜன்னல் வழியே
விடுதிக்காரியின் வாடிய ரோஜாவுக்குச் சாய்த்துவிட்டு
கெட்டிலைப் போடுகிறேன்.
தட்டில் காப்பிக்கென்று வைத்த பால் சிமிழ்,
பெருவிரல் நகமளவு காகித நாக்கு.
விரல்கள் நடுங்குகின்றன.
கிள்ள முடியவில்லை.

பல்லால் கிழித்தேன்.